எல்லாக் கட்டத்திலும் நாலு

அத்தியாயம் 11

போன வாரம் மொட்டு ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருமிக்கொண்டிருந்தாள். இந்த வாரமும் இருமிக்கொண்டுதான் இருக்கிறாள். நமக்கு நடுவில் ஏழு நாள் ஓடிவிட்டது. அந்த வீட்டுக்கு ஒரு ராத்திரிதான் கழிந்திருக்கிறது.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மொட்டு ஆறு மாதக் குழந்தை. அவள் அம்மா தையல்காரி. வீட்டில் சின்னவள் என்பார்கள். அப்பா, சுகாதாரத் துறையின் தலைமை அலுவலகத்தில் புள்ளிவிவர அதிகாரி. எந்த மூலையில் இருக்கும் சுகாதார நிலையத்திலிருந்து எந்தக் கணக்கு வந்தாலும் அவன் கம்ப்யூட்டரில்தான் வந்து விழும். பள்ளிக்கூடத்தில் கணக்கில் நூறு வாங்கியதை இன்னும் சொல்லிக்கொண்டு திரிவதால் குடும்பத்தில் அவனுக்கு 'நூத்துக்கு நூறு' என்று பட்டப்பெயர். அவனுடைய அண்ணன் மனைவி பெரியவள். நாலு தெரு தள்ளியிருக்கும் சின்னச் சுகாதார நிலையத்தில் நர்ஸ். அண்ணன்காரன் லாரி ஓட்டுகிறான். பத்து நாளைக்கு ஒரு தரம் வந்து துணி மாற்றிக்கொண்டு போவான். இந்த வாரம் அவனை எதிர்பார்க்காதீர்கள்.

ஒரே வீடு. கீழே பெரியவள், மாடியில் சின்னவள். ஓரகத்திகள் என்றால் முட்டிக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களை இந்த இரண்டு பேரும் பத்து அத்தியாயமாக ஏமாற்றி வந்திருக்கிறார்கள். இன்று ஏமாற்ற மாட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணி. குழந்தைகள் வார்டில் இருபது கட்டில், இருபத்தாறு குழந்தைகள். மொட்டுவுக்கு ஜன்னலோரக் கட்டில் கிடைத்ததே பெரிய விஷயம். நூத்துக்கு நூறு ஆறு மணிக்கே எட்டிப்பார்த்து, குழந்தையின் நெற்றியைத் தொட்டுவிட்டு, "சளிதான், சரியாயிடும். எனக்கு இன்னைக்கு முக்கியமான மீட்டிங்" என்று கிளம்பிவிட்டான். அவன் கொண்டுவந்த கணக்குத் திட்டத்தைப் பார்க்க வெளியூரிலிருந்து பெரிய மனிதர்கள் வந்திருக்கிறார்கள். பிடித்துப்போனால் நாடு முழுக்க அதையே வைப்பார்களாம்.

டாக்டரம்மா சுற்றி வந்து மொட்டுவின் கட்டிலருகே நிற்கவும் இருமல் ஆரம்பிக்கவும் சரியாக இருந்தது. அந்த இருமல் ஒன்று இரண்டோடு நிற்கிற இருமல் கிடையாது. மூச்சு வாங்க இடமே கொடுக்காமல் பதினைந்து, இருபது என்று தொடர்ந்து வரும். முகம் சிவந்து, பிறகு கருத்து, குடித்த பாலெல்லாம் வெளியே வந்து விழுந்த பிறகுதான் அடங்கும். ராத்திரியெல்லாம் கூடவே இருந்த பெரியவள் குழந்தையைத் தன் முன்கையில் குப்புறப் படுக்க வைத்து முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

டாக்டரம்மா முழுதாக நின்று பார்த்தார்.

"எத்தனை நாளா இப்படி?"

"பத்து நாளா இருமல் டாக்டர். இப்படி வர்றது நாலு நாளாத்தான்" என்றாள் சின்னவள்.

"இந்த இருமலைப் பார்த்தா எனக்கு வேற ஒண்ணு தோணுது. மூணு தவணை தடுப்பூசியும் போட்டாச்சா?"

"போட்டாச்சு டாக்டர். இதோ, எங்கக்கா நர்ஸ். இவங்க கையாலதான் மூணும் போட்டாங்க."

டாக்டரம்மா பெரியவளைப் பார்த்தார். பெரியவள் ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

"அப்ப கக்குவான் இருமலா இருக்காது. நெஞ்சுச் சளிக்கே மருந்தைத் தொடருவோம். தடுப்பூசி அட்டை எங்க?"

அட்டை சுகாதார நிலையத்தில் இருந்தது. எல்லாப் பிள்ளைகளின் அட்டைகளையும் வாங்கி வைத்துத்தான் பெரியவள் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"கொண்டு வந்து காட்டுங்க. தேதி பாக்கணும்" என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

"நான் போய் எடுத்துட்டு வரேன்" என்றாள் பெரியவள் சட்டென்று.

"நீங்க வேண்டாம்க்கா. இவளுக்கு மூச்சு முட்டினா என்ன செய்யணும்னு உங்களுக்குத்தான் தெரியும். எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. சாவியைக் குடுங்க, பத்து நிமிஷத்துல வந்துடறேன்."

பெரியவள் சாவியை இடுப்பிலிருந்து எடுக்க எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாள் என்று சின்னவள் அப்போது கவனிக்கவில்லை.

"மேஜை மேலேயே இருக்கு. எடுத்ததும் வந்துடு. வேற எதையும் கலைக்காத" என்றாள் பெரியவள்.

சுகாதார நிலையம் என்று பெயர்தான் பெரிது. ஒரு அறை, ஒரு தாழ்வாரம், ஒரு தராசு. மேஜையில் பதினோரு பதிவேடுகள். கர்ப்பிணிக்கு ஒன்று, பிரசவத்துக்கு ஒன்று, எடைக்கு ஒன்று, மாத்திரைக்கு ஒன்று, மாத்திரை தீர்ந்துபோனதற்கு ஒன்று. ஒரு குழந்தை பிறந்தால் அதன் பெயரை ஆறு இடத்தில் எழுத வேண்டும். பெற்றவர்களே இன்னும் பெயர் யோசித்துக்கொண்டிருப்பார்கள். அது வேறு விஷயம்.

சின்னவள் அட்டையைக் கண்டுபிடித்துவிட்டாள். மூன்று தவணை, மூன்று தேதி, மூன்று கையெழுத்து. எல்லாம் சுத்தமாக இருந்தது. திரும்பும்போதுதான் ஃப்ரிட்ஜ் கதவு கண்ணில் பட்டது.

தடுப்பூசி மருந்து வைக்கிற ஃப்ரிட்ஜ் அது. கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஏழு நாள், காலை ஒரு கட்டம், மாலை ஒரு கட்டம், மொத்தம் பதினாலு கட்டங்கள். ஃப்ரிட்ஜுக்குள் எவ்வளவு குளிர் என்று தினமும் இரண்டு தரம் பார்த்து எழுத வேண்டும். இரண்டு டிகிரிக்குக் கீழேயும் போகக் கூடாது, எட்டுக்கு மேலேயும் போகக் கூடாது என்று தலைப்பிலேயே அச்சடித்திருந்தது.

இன்று செவ்வாய். நிலையம் இன்னும் திறக்கவே இல்லை. நேற்றைக்கான இரண்டு கட்டங்கள்தான் நிரம்பியிருக்க வேண்டும். பதினாலும் நிரம்பியிருந்தன. செவ்வாய் காலை நாலு, மாலை நாலு. புதன் நாலு, நாலு. வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு மாலை வரைக்கும் நாலு.

சின்னவள் அளவு எடுத்துப் பிழைக்கிறவள். ஒரே ஆளின் இரண்டு தோளை அளந்தாலே கால் அங்குலம் வித்தியாசம் வரும் என்று தெரிந்தவள். இந்த வாரத் தாளைத் தூக்கிப் பார்த்தாள். கீழே போன வாரத் தாள். எல்லாம் நாலு. அதற்குக் கீழே அதற்கு முந்தைய வாரம். நாலு, நாலு, நாலு. அடியில் இருந்த கடைசித் தாள் வரைக்கும் பார்த்தாள்.

ஃப்ரிட்ஜைத் திறந்தாள். உள்ளே பின்பக்கச் சுவர் முழுக்க விரற்கடை கனத்துக்கு ஐஸ் படிந்திருந்தது. தட்டில் ஒரு சின்னத் தெர்மாமீட்டர் கிடந்தது. எண் தெரிய வேண்டிய இடம் வெறும் சாம்பல் நிறமாக இருந்தது. அவள் கதவை மூடி, அந்தத் தாளைக் கிழிக்காமல் மெதுவாகப் பிரித்தெடுத்து, அட்டையோடு சேர்த்து மடித்துக்கொண்டாள்.

அவள் திரும்பி வந்தபோது மொட்டு தூங்கிக்கொண்டிருந்தாள். இருமலுக்கு இடையில் கிடைக்கிற அரைமணித் தூக்கம். பக்கத்துக் கட்டில்காரியிடம் "கொஞ்சம் பாத்துக்கங்கம்மா" என்று சொல்லிவிட்டுச் சின்னவள் பெரியவளை வராந்தாவுக்கு அழைத்துப்போனாள். கதவு வழியாகக் குழந்தை தெரிகிற இடத்தில் நின்றுகொண்டு தாளை நீட்டினாள்.

"இது என்னக்கா?"

பெரியவள் பார்த்தாள். கையில் வாங்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஃப்ரிட்ஜுக்குள்ள எவ்ளோ குளிரா இருக்கும்னு உங்களுக்கு இன்னைக்கே எப்படித் தெரியும்?"

"எல்லாரும் அப்படித்தான் எழுதுவோம்மா. திங்கக்கிழமை காலைல உக்காந்து வாரத்துக்கும் சேர்த்து எழுதிடுவோம். நான் ஒருத்தி. பதினோரு ரிஜிஸ்டர். நாள் முழுக்க வீடு வீடா நடக்கணும். ரெண்டு வேளையும் ஃப்ரிட்ஜ் முன்னாடி எங்க நிக்கறது?"

"சரி. அந்த ஒரு தரமாவது மிஷினைப் பாத்தீங்களா? அது நாலுன்னு காட்டுச்சா?"

பெரியவள் கதவு வழியாக மொட்டுவைப் பார்த்தாள்.

"அது செத்து ஏழு மாசம் ஆச்சு."

சின்னவள் மனசுக்குள் கணக்குப் போட்டாள். மொட்டுவுக்கு ஆறு மாதம்.

"யார்கிட்டயும் சொல்லலையா நீங்க?"

"சொன்னேன்."

"யார்கிட்ட?"

"விடும்மா."

"யார்கிட்டக்கா?"

"உன் வீட்டுக்காரர்கிட்ட. நம்ம வீட்டு மாடிப்படியில வெச்சுத்தான் சொன்னேன். நீ அப்ப நிறைமாசம். தம்பி, தெர்மாமீட்டர் வேலை செய்யல, கட்டத்துல 'பழுது'ன்னு எழுதினா கம்ப்யூட்டர் வாங்க மாட்டேங்குதுன்னு சொன்னேன். 'அண்ணி, அந்தக் கட்டத்துல எழுத்து ஏறாது, எண் மட்டும்தான் ஏறும், காலியா விட்டா சிவப்பு வந்துடும். ரெண்டுலேருந்து எட்டுக்குள்ள ஏதாவது போடுங்க. நாலுன்னு போடுங்களேன், நடுவாந்தரமா இருக்கும்'னாரு."

இந்த இடத்தில் நான் குறுக்கே வந்தாக வேண்டும். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

நூத்துக்கு நூறுவின் திட்டம் இதுதான்: எந்த நிலையத்தின் அறிக்கையிலும் ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்கக் கூடாது. காலியாக இருந்தால் அவன் திரையில் அந்த நிலையம் சிவப்பாகும். சிவப்பானால் நர்ஸுக்கு மெமோ. தப்பான எண்ணுக்கு மெமோ கிடையாது. ஏனென்றால் அது தப்பு என்று நேரில் வந்து பார்க்க ஒரு ஆளும் இல்லை. ஒரே வருஷத்தில் எல்லா நிலையமும் பச்சையாகிவிட்டது. வெளியூர்க்காரர்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பது அந்தப் பச்சையைத்தான்.

பெரியவள் அதோடு விடவில்லை, பாவம். புதுத் தெர்மாமீட்டர் வேண்டும் என்று முறையாக எழுதியும் போட்டாள். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது: 'தங்கள் நிலையத்திலிருந்து நாள்தோறும் வெப்ப அளவு தவறாமல் வந்துகொண்டிருப்பதால், கருவி பழுதடையவில்லை எனக் கருதப்படுகிறது.' அவள் எழுதிய நாலே அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டது.

"ஐஸ் கட்டியிருக்கே உள்ள. அது தெரியுமா உங்களுக்கு?" என்றாள் சின்னவள்.

"மூணு மாசத்துக்கு முன்னாடி ஒரு நாள் பாத்தேன். பாட்டில் எல்லாம் உறைஞ்சு கிடந்துச்சு. உருகவிட்டுக் குலுக்கிப் பாத்தேன். அடியில துகள் துகளா நின்னுச்சு."

"அப்படின்னா?"

"உறைஞ்சா அந்த மருந்து செத்துடும். போட்டாலும் தண்ணி போட்ட மாதிரிதான்."

"கொட்ட வேண்டியதுதானே!"

"கொட்டினா கணக்கு எழுதணும். ஏன் கொட்டினேன்னு எழுதணும். உறைஞ்சுடுச்சுன்னு எழுதினா, நாலு டிகிரில எப்படி உறையும்னு கேப்பாங்க. அப்ப அத்தனை நாலும் பொய்யின்னு ஆயிடும். ஒரு பக்கம்தான் உறைஞ்சிருக்கும், எல்லாம் கெட்டிருக்காதுன்னு என்னை நானே ஏமாத்திக்கிட்டேன்."

"மூணு மாசத்துக்கு முன்னாடின்னா..." சின்னவளின் குரல் தணிந்தது. "அந்த வாரம்தான் மொட்டுக்கு மூணாவது ஊசி."

"ஆமா."

"தெரிஞ்சே போட்டீங்களா?"

பெரியவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். "நீ அவளுக்குக் கொஞ்சம் தள்ளிப் போடலாமான்னு கேட்ட. ஊர்ப் பிள்ளைக்கெல்லாம் போட்டுட்டு நம்ம வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் வேண்டாம்னு சொன்னா, நான் பண்ணினது தப்புன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். அதனால போட்டேன். அன்னைக்கு ராத்திரி நல்லாத் தூங்கினேன். நம்ம பிள்ளைக்கே போட்டாச்சு, அப்ப மருந்து நல்ல மருந்துதான்னு மனசு நம்பிடுச்சு."

இப்படியும் ஒரு மனசு இருக்குமா என்று கேட்காதீர்கள். இருக்கும். தப்பை மறைக்க அவளுக்குக் கிடைத்த ஒரே இடம் தன் வீட்டுத் தொட்டில்.

"டாக்டர்கிட்ட ஏன் சொல்லல? காலைல கண்ணு முன்னாடி கேட்டாங்களே! ஊசி போட்டாச்சுங்கற ஒரே காரணத்துக்காகத்தான அது கக்குவான் இல்லைன்னு வேற மருந்து குடுக்கறாங்க?"

"சொன்னா என் வேலை போயிடும். உன் வீட்டுக்காரர் தலையும் சேர்ந்து உருளும். இன்னைக்குன்னு பாத்து அவருக்கு அந்த மீட்டிங் வேற."

"அக்கா, அங்க பாருங்க. அவ மூச்சு விட முடியாமக் கிடக்கறா. நீங்க மீட்டிங்கப் பத்திப் பேசறீங்க."

உள்ளே மறுபடி இருமல் கிளம்பியது. இரண்டு பேரும் ஓடினார்கள். இந்தத் தடவை முகம் கருத்து, உதடு நீலமாகி, இருமல் நின்ற பிறகும் மூச்சு திரும்பவில்லை. பெரியவள் குழந்தையின் பாதத்தைச் சுண்டினாள், முதுகைத் தேய்த்தாள். ஒரு நீண்ட இழுப்போடு மூச்சு வந்தது. பெரியவள் குழந்தையைச் சின்னவள் மடியில் வைத்தாள். பிறகு ஒரு வார்த்தை பேசாமல் டாக்டரம்மா அறையைப் பார்த்து நடந்தாள்.

சின்னவள் நிலையத்திலிருந்து திரும்பி வரும் வழியிலேயே கணவனுக்குப் போன் போட்டிருந்தாள். 'உடனே வாங்க' என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அவன் வந்தபோது கழுத்தில் கூட்டத்துக்கான அட்டை தொங்கியது. தோளில் லேப்டாப் பை.

"நடுவுல எழுந்து வந்திருக்கேன். என்ன அவசரம்?"

சின்னவள் பதில் சொல்லாமல், குழந்தையைத் தூக்கிக்கொண்டு டாக்டரம்மா அறைக்கு நடந்தாள். அவன் பின்னாலேயே போனான். உள்ளே பெரியவள் மேஜைக்கு முன் நின்றுகொண்டிருந்தாள். அவள் சொல்லி முடித்துவிட்டாள் என்பது டாக்டரம்மாவின் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"நீங்கதான் அப்பாவா? இவங்க சொல்றாங்க, தடுப்பூசி வெச்சிருந்த ஃப்ரிட்ஜ்ல மருந்து உறைஞ்சிருந்துச்சுன்னு. தெர்மாமீட்டரே ஏழு மாசமா வேலை செய்யலையாம்" என்றார் டாக்டரம்மா.

அவன் அண்ணியைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதைத் தனியாக எழுத வேண்டும். பயமும் கோபமும் கலந்து, கடைசியில் பயம்தான் ஜெயித்தது.

"அண்ணிக்கு வேலைப்பளு டாக்டர். ராத்திரி முழுக்கத் தூங்கல. ஏதோ குழப்பத்துல பேசறாங்க."

"குழப்பமா?"

"ஒரு நிமிஷம்." பையைத் திறந்தான். லேப்டாப்பை மேஜைமேல் வைத்தான். விரல்கள் பழக்கத்தில் தாமாகவே ஓடின. "இதோ பாருங்க. இவங்க நிலையம். ஏழு மாசம், ஒரு நாள் விடாம அறிக்கை வந்திருக்கு. எல்லா நாளும் நாலு டிகிரி. பதிவுல தெளிவா இருக்கு டாக்டர். உறையறதுக்கு வாய்ப்பே இல்ல."

திரையில் ஒரு நேர்கோடு ஓடியது. பச்சை நிறம். ஒரு மேடு இல்லை, பள்ளம் இல்லை.

சின்னவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் பேசியதைவிட, பேசும்போது அவன் முகத்தில் வந்த தைரியம்தான் அவளைப் பேயறைந்த மாதிரி ஆக்கியது. அந்தக் கோட்டைப் பார்த்ததும் அவனே அதை நம்பிவிட்டான்.

"ஏங்க," என்றாள், "நாலுன்னு போடச் சொன்னது யாரு?"

"இப்ப அது இல்ல விஷயம்."

"மாடிப்படியில வெச்சு நாலுன்னு போடச் சொன்னது யாருங்க?"

"நான் ஒரு பேச்சுக்குச் சொன்னேன்! தற்காலிகமாச் சொன்னேன்! ஏழு மாசம் போடச் சொன்னேனா?"

சின்னவள் மடித்து வைத்திருந்த தாளை விரித்து டாக்டரம்மாவிடம் கொடுத்தாள். டாக்டரம்மா தேதிகளைப் பார்த்தார். சுவர்க் காலண்டரைப் பார்த்தார். லேப்டாப்பைத் தன் கையாலேயே மூடி அவன் பக்கம் தள்ளினார்.

"நீங்க இங்க அப்பாவா வந்திருக்கீங்களா, ஆபீசரா வந்திருக்கீங்களா?"

அவன் லேப்டாப்பை எடுத்துப் பைக்குள் வைத்தான்.

டாக்டரம்மா எழுந்து மொட்டுவின் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். மணியடித்து நர்ஸைக் கூப்பிட்டார். "தனி அறைக்கு மாத்துங்க. மத்தப் பிள்ளைங்க கிட்டப் போகக் கூடாது. ஆக்சிஜன் வெச்சிருங்க. சளி டெஸ்ட்டுக்கு எடுங்க, ஆனா ரிசல்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம், மருந்தை இப்பவே மாத்தறேன்."

"பொழைச்சுக்குவாளா டாக்டர்?" என்றாள் சின்னவள்.

"முதல் வாரத்துலயே இந்த மருந்தைக் குடுத்திருந்தா நல்லாக் கேட்டிருக்கும். இப்ப கொஞ்சம் தாமதம். பொய் சொல்ல மாட்டேன்ம்மா. அடுத்த ரெண்டு மூணு நாள் பாத்தாத்தான் தெரியும்."

சின்னவள் தலையை ஆட்டினாள். அன்று காலையிலிருந்து அவளிடம் பொய் சொல்ல மாட்டேன் என்று சொன்ன முதல் ஆள் அந்த டாக்டர்தான்.

"அந்த மருந்து இன்னும் எத்தனை குழந்தைக்குப் போயிருக்கு?" டாக்டரம்மா பெரியவளிடம் கேட்டார்.

"ஏழு மாசத்துல அறுபத்தோரு குழந்தை டாக்டர்."

"எந்தத் தேதியிலேருந்து எந்தத் தேதி வரைக்கும் உறைஞ்சிருந்துச்சு? அந்த நாள்ல போட்டவங்களை மட்டும் கூப்பிட்டாப் போதும்."

"தெரியாது டாக்டர். நான் பாத்தது ஒரு நாள். அதுக்கு முன்னாடி எத்தனை தரம், பின்னாடி எத்தனை தரம்னு சொல்ல வழியில்ல. எல்லா நாளும் நாலுன்னுதானே இருக்கு."

"அப்ப அறுபத்தோரு பேரையும் கூப்பிடணும். திரும்பப் போடணும். இருமல் இருக்கற பிள்ளையை இன்னைக்கே இங்க கொண்டு வரணும். உங்ககிட்ட விலாசத்தோட பட்டியல் இருக்குமே?" என்று டாக்டரம்மா அவனைக் கேட்டார்.

"இருக்கு. ஆனா முடிஞ்சுபோன மாசத்துக் கணக்கைத் திறக்கணும்னா மேலிடத்துலேருந்து கடிதம் வேணும். எழுதிக் கேக்கணும். ரெண்டு நாள் ஆகும். அதுக்குள்ள யாரும் எதையும் வெளிய சொல்லிப் பீதியைக் கிளப்ப வேண்டாம். முறைப்படி போகலாம். அண்ணி, நீங்க எந்த வீட்டுக்கும் போகாதீங்க. நான் சொல்றேன், அப்புறம் போகலாம்."

"எனக்குப் பட்டியல் வேண்டாம் தம்பி. அத்தனை வீடும் நடந்து நடந்து காலுக்கே தெரியும்" என்றாள் பெரியவள்.

"போனீங்கன்னா உங்க வேலை நிலைக்காது அண்ணி. யோசிச்சுக்குங்க."

"யோசிச்சதெல்லாம் போதும். யோசிச்சு யோசிச்சுத்தான் இங்க வந்து நிக்கறோம்."

தனி அறை வாசலில் பெரியவள் ஒரு கணம் நின்றாள். உள்ளே மொட்டுவின் மூக்கில் குழாய் பொருத்திக்கொண்டிருந்தார்கள். சின்னவள் கதவை ஒட்டி நின்றாள்.

"நான் போயிட்டு வரேன்ம்மா. முதல்ல மார்க்கெட் பின்னாடித் தெரு. அப்புறம்..."

"போங்கக்கா. ஒரு வீடு விடாமப் போங்க." சின்னவள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "போயிட்டு இங்க வர வேண்டாம். பிள்ளைக்கு மூச்சு முட்டினாலும் உங்களைக் கூப்பிட மாட்டேன். இனிமே அவளைத் தொடாதீங்க."

பெரியவள் சரி என்றாள். வேறு என்ன சொல்வாள்?

கணவன் உள்ளே நுழையப் பார்த்தான். சின்னவள் கையைக் கதவு நிலையில் குறுக்கே வைத்தாள்.

"நானும் உள்ள வரக் கூடாதா?"

"உங்க மீட்டிங் முடிஞ்சிருக்காது. போங்க."

"நான் அவ அப்பாடி!"

"அதைத்தான் டாக்டரும் கேட்டாங்க. அப்ப நீங்க பதில் சொல்லல."

கதவு மூடிக்கொண்டது. அவன் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தான். பை மடியில் இருந்தது. அவனுக்காக நாம் கொஞ்சம் வருத்தப்படலாம்தான். எனக்கு இந்த வாரம் மனசு வரவில்லை.

மார்க்கெட் பின்னாடித் தெருவில் முதல் வீடு இஸ்திரி போடுகிறவள் வீடு. வெயில் ஏறியிருந்தது. பெரியவள் வேகமாக நடந்ததில் மூச்சிரைத்தது. வழியெல்லாம் பைக்குள் போன் அடித்துக்கொண்டே இருந்தது. யார் என்று அவள் எடுத்துப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியதும் இல்லை.

வாசலிலேயே இஸ்திரிக்காரி நின்றிருந்தாள். பெரியவளைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு ஓடி வந்தாள்.

"நர்ஸம்மா! நினைச்சேன், வந்துட்டீங்க. நானே வரலாம்னு இருந்தேன். பையனுக்கு இருமல்."

"எத்தனை நாளா?"

"பன்னெண்டு நாள் இருக்கும். இருமினா விடாம இருமறான், பாலெல்லாம் கக்கிடறான். பக்கத்து வீட்டுல ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுன்னு ஒரே சத்தம். நான்தான் சொன்னேன், எங்க நர்ஸம்மா மூணு ஊசியும் போட்டு முடிச்சாச்சு, எங்களுக்கு என்ன பயம்னு. சரிதானே நர்ஸம்மா?"

போன் மறுபடி அடித்தது. பெரியவள் பைக்குள் கைவிட்டு அதை அணைத்தாள்.

"சரியில்லம்மா. நான் போட்டது செத்த மருந்து. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் போட்டேன். பிள்ளையைத் தூக்கு, போகலாம்."

இஸ்திரிக்காரி பெரியவளின் முகத்தையே பார்த்தாள். பிறகு, நர்ஸம்மா தன்னைக் கிண்டல் பண்ணுகிறாள் என்று நினைத்து, வாய்விட்டுச் சிரித்தாள்.